எம்புட்டு மேடம்

அவர் இல்லாத இடத்தில் நாங்கள் எல்லோரும் அவரை 'எம்புட்டு மேடம்' என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரை வைத்தவர் வெல்டிங் பிரிவில் இருந்த ஒருவர். அதைத் தொழிற்சாலை முழுக்கப் பரப்பியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போகையில் என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என்னைவிட ஏழு வயது சின்னவர். என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அந்த உரிமையில் 'அவள்' என்று எழுதலாம். கை வரவில்லை.

திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது எங்கள் தொழிற்சாலை. கடுங்குளிரில் இருக்கும் திரவங்களை வைப்பதற்கான பாத்திரங்கள் செய்வோம். ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் தொட்டி, கால்நடை மருந்தகங்களுக்கு நைட்ரஜன் கேன். வீட்டில் இருக்கும் பிளாஸ்கைப் போலத்தான். உள்ளே ஒரு பாத்திரம், வெளியே ஒரு பாத்திரம், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட வெற்றிடம். நான் ஸ்டோர்ஸையும் சோதனைப் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டேன். அவர் சோதனைப் பிரிவு இன்ஜினியராக வந்து சேர்ந்தார்.

வந்த முதல் வாரமே வெல்டிங்காரர் ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்து, "லேசா லீக் இருக்கு மேடம். பரவால்ல, பாஸ் பண்ணிருங்க" என்றார்.

"லேசான்னா எம்புட்டு?"

"லேசாத்தான் மேடம்."

"அதான் எம்புட்டுன்னு கேக்குறேன். தெரியுமா, தெரியாதா? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. லேசான்னு சொல்லாதீங்க."

குரல் கூடத்தின் அந்தக் கடைசி வரைக்கும் கேட்டது. கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் தினமும் யாராவது யாரையாவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். முதலாளி கத்துவார், சூப்பர்வைசர் கத்துவார். அதையெல்லாம் யாரும் கோபம் என்று சொன்னதில்லை, வேலை வாங்குவது என்பார்கள். இவர் ஒருநாள் கத்தியதும், "பொம்பளைக்கு இம்புட்டுக் கோவமா?" என்று ஒரு வாரத்துக்குப் பேசினார்கள்.

கேன்டீனில் தண்ணீர் பில்டர் சொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகச் சொட்டியது. அவர் ஒரு டம்ளரை அடியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தார். சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 'ஒரு மணிக்கு ஒண்ணரை டம்ளர்.' மறுநாள் அதற்குக் கீழே இரண்டு நாளைக்கு எத்தனை குடம் என்று எழுதினார். மூன்றாம் நாள் முதலாளி கேன்டீனுக்கு வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டார். யாரும் நன்றி சொல்லவில்லை. சுவர் அழுக்காகிவிட்டது என்று சூப்பர்வைசர்தான் குறைப்பட்டுக்கொண்டார்.

அவரைப் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தானாம். அவரே சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு லேசா கோவம் வருமாமே" என்று கேட்டிருக்கிறார். இவர் காப்பித் தட்டோடு நின்றபடியே, "லேசா இல்ல அத்தை, நல்லாவே வரும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலிருந்து பிறகு தகவல் வரவில்லை.

ஒரே ஒரு நாள்தான் அவர் கோபத்துக்குள் வேறு ஏதோ இருப்பதை நான் பார்த்தேன். ஒரு கால்நடை ஆய்வாளர் எங்கள் கேன் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்கான விந்துக்குச்சிகளை அதில் நைட்ரஜனுக்குள் போட்டு வைப்பார்கள். ஒரு மாதம் தாங்க வேண்டிய நைட்ரஜன் நாலு நாளில் காலியாகிறது என்றார் அவர். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "மூடியச் சரியா மூடியிருக்க மாட்டீங்க சார்."

மேடம் என் கையிலிருந்து கேனை வாங்கித் தடவிப் பார்த்தார். வெளிச்சுவர் வேர்த்திருந்தது. உள்ளே வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆய்வாளருக்குப் புதுக் கேன் கொடுக்கச் சொல்லி, முதலாளி அறைக்குள் போய்ச் சண்டை போட்டு, கொடுக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். "எங்களுக்குப் பேரையூர்ப் பக்கம்ணே. கரிசக்காடு. வீட்டுல ஒரு பசு நின்னுச்சு. ரெண்டு தடவ ஊசி போட்டும் சென நிக்கல. மலட்டு மாடுன்னுட்டாங்க. எங்கப்பா அடிமாட்டு வண்டியில ஏத்தி விட்டாரு. பெறகு ஊருக்குள்ள எந்த மாட்டுக்கும் நிக்கல. அப்புறந்தான் தெரிஞ்சது, கேன்ல நைட்ரஜன் தீந்து போயி எல்லாக் குச்சியும் செத்துக் கெடந்துருக்கு. கேன் லீக்கு. யாரும் பாக்கல. மாட்டு மேல பழியப் போட்டு அனுப்பிட்டோம்."

நான் "ஐயையோ" என்றேன். அவருடைய பஸ் வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்த விண்வெளி ஆர்டர் வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று கொடுத்தது. முதலாளி எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். என்ன ஆர்டர் என்று எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. மேடம்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார்.

நிலாவுக்கும் அதைத் தாண்டியும் போகிற ராக்கெட், வேண்டிய எரிபொருளை முழுக்க இங்கிருந்தே சுமந்துகொண்டு கிளம்ப முடியாது. அதனால் பூமியைச் சுற்றி மேலேயே ஒரு தொட்டியை நிறுத்திவைப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அதில் எரிபொருளைக் கொண்டுபோய் நிரப்புவார்கள். பின்னால் வருகிற விண்கப்பல் அங்கே நிரப்பிக்கொண்டு போகும். எரிபொருள் என்பது திரவ ஹைட்ரஜன். மைனஸ் இருநூற்று ஐம்பது டிகிரிக்கும் கீழே இருந்தால்தான் திரவமாக இருக்கும். துளி சூடு பட்டாலும் ஆவியாகும். ஆவியை வெளியே விடாவிட்டால் தொட்டி வெடிக்கும். விட்டால் எரிபொருள் குறையும்.

"மேலதான் காத்தே இல்லையே மேடம், சூடு எப்படிப் போகும்?" என்று கேட்டேன்.

"வெயில் இருக்குல்லண்ணே. ஒரு பக்கம் சூரியன் அடிச்சுக்கிட்டே இருக்கும். அத மறைச்சுட்டாலும் தொட்டியத் தாங்குற கால் வழியா வரும், குழா வழியா வரும், ஒரு ஒயர் வழியா வரும். மாசக்கணக்குல அது அங்க நிக்கணும். கப்பல் போயிச் சேர்றப்ப தொட்டி காலியா இருந்தா? உள்ள ஆளுக இருப்பாங்கண்ணே. அங்க போயி மூடியச் சரியா மூடலைனு சொல்ல முடியுமா?"

அது எனக்கான குத்து. நான் சிரித்து மழுப்பினேன்.

நாங்கள் செய்ய வேண்டியது அசல் தொட்டி இல்லை, சின்ன மாதிரி. அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாகத் திரவ நைட்ரஜனை ஊற்றி, தராசில் நிறுத்தி, பத்து நாளில் எவ்வளவு ஆவியாகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி வெள்ளிப் பூச்சுப் பூசிய மெல்லிய தாள்கள், புடவை மடிப்பு மாதிரி அடுக்கடுக்காக வரும். தாளும் தாளும் ஒட்டக்கூடாது. தளர்வாக இருந்தால்தான் சூட்டைத் தடுக்கும். ஆனால் தளர்வாக இருந்தால் பார்க்க அழகாக இல்லை. போட்டோ எடுக்க வேண்டும் என்று முதலாளி, தாங்கும் கால்கள் பக்கத்தில் டேப் போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னார்.

மேடம் அன்று போட்ட சத்தத்தை மறக்க முடியாது. "அழகாவா சார் கேட்டாங்க? இது என்ன சீர்த்தட்டா? இறுக்குன எடம் பூரா சூடு உள்ள ஓடும்!" முதலாளி கேட்கவில்லை. கட்டியாகிவிட்டது. அவர் ஒரு தாளில் எந்தக் காலில், எந்த இடத்தில் இறுக்கியிருக்கிறது, என்ன ஆகும் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். வைத்தேன்.

சோதனை ஆரம்பித்து நாலாம் நாளே தெரிந்துவிட்டது. ஒத்துக்கொண்டதைப்போல இரண்டு மடங்கு ஆவியாகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மதியம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் கேட்டைத் தாண்டிய கால் மணி நேரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் நைட்ரஜன ஊத்தி எடையச் சரிக்கட்டி விட்டுருப்பா. பதிவேட்டுல எடை மெதுவா இறங்குற மாதிரி எழுதிக்க. அடுத்த தொட்டியில சரி பண்ணிக்கலாம்."

நிரப்பும் வால்வுக்குப் பூட்டு உண்டு. சாவி ஸ்டோர்ஸில், என்னிடம். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் மகள் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை என்றெல்லாம் பிற்பாடு நிறையக் காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிஷம் அப்படி எதுவும் மனசில் ஓடவில்லை. முதலாளி சொன்னார், போனேன். அவ்வளவுதான். கையுறை அவருடைய அலமாரியில் இருந்தது. அதை எடுத்தால் தெரிந்துவிடுமே என்று வெறுங்கையால் திறந்தேன். உறைந்த இரும்பு இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டது. பிய்த்துத்தான் எடுத்தேன். தராசைப் பார்த்துப் பார்த்து ஊற்றி முடிக்கக் கிட்டத்தட்ட நாலு மணியாகிவிட்டது.

அவர் நாலு மணிக்கே திரும்பிவிட்டார். ஆபரேஷனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். கூடத்துக்குள் வந்தவர் நிரப்பும் குழாயைப் பார்த்தார். நைட்ரஜன் ஓடிய குழாய் முழுக்க வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. வெயில் காலத்து மதுரையில் அது தானாகப் பூக்காது.

"அண்ணே, இதத் தொட்டது யாரு?"

"தெரியலையேம்மா."

பூட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நின்றேன். கத்தவில்லை. கேன்டீன் பக்கம் போனார். ஒரு மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"விரல இதுல வைங்க. தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சிரும்."

அப்படியே திரும்பி முதலாளி அறைக்குப் போனார். நான் மக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அறைக்குள்ளிருந்து வந்த குரல்கள் எல்லாம் கேட்டன. "உனக்குச் சம்பளம் குடுக்குறது நானா, ஆர்டர் குடுத்த கம்பெனிக்காரனுகளா?" என்று முதலாளி கத்தினார். "இந்த ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டவன் எவனா இருந்தாலும் நான் அவங்ககிட்டச் சொல்லுவேன்" என்று அவர் கத்தினார்.

மறுநாள் கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. நடத்தை சரியில்லை, முன்கோபம், சக ஊழியர்களோடு ஒத்துப்போவதில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அவர் நாற்காலியையும் எனக்கே கொடுத்தார்கள்.

அவர் சொன்னபடியே அந்தக் கம்பெனிக்கு எழுதினார். முதலாளி முந்திக்கொண்டார். தொட்டியில் திருட்டுத்தனமாக நைட்ரஜன் ஊற்றியதே அந்தப் பெண்தான், கண்டுபிடித்து வெளியே அனுப்பினோம், அந்த ஆத்திரத்தில் இப்படி எழுதுகிறது, புதிதாகச் சோதனை செய்துதான் இந்த ரிப்போர்ட் என்று சொல்லிவிட்டார். அதே கம்பெனி சோதனைப் பிரிவுக்கு ஆள் எடுத்தது. அவர் விண்ணப்பித்தார். நேர்காணல் வரைக்கும் போனார். இந்தக் கதையால் ஒதுக்கிவிட்டார்கள். வேறு இரண்டு இடத்திலும் அதே கதை அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

எனக்கு ஒரு தடவை போன் செய்தார். "அண்ணே, நடந்தத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அது போதும்."

"பாக்குறேம்மா" என்றேன்.

ஏழு மாதம் பார்த்தேன். இதை எழுதும்போது பேனாவை உடைக்கலாம் போல இருக்கிறது. முதலாளி மேல் இருக்கிற கோபத்தைவிட அந்த 'பாக்குறேன்' மேல்தான் அதிகக் கோபம். இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் வேறு வழி தேடியிருப்பார்.

தொட்டி அந்தக் கம்பெனியில் அவர்கள் செய்த சோதனையில் தோற்றது. இரண்டு பேர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்தே அறுத்தார்கள். வெளிச் சுவரை எடுத்ததும் தெரிந்தது. கால்கள் பக்கம் தாள்கள் நசுங்கி அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. முதலாளி கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டினார். "பாத்தீங்களா சார்? போறப்ப அந்தப் பொண்ணு பண்ணிட்டுப் போன வேலை." சூப்பர்வைசர் தலையாட்டினார். வெல்டிங்காரர் தலையாட்டினார். பதிவேடு என் கக்கத்தில் இருந்தது. அதற்குள் அவருடைய தாள், தேதியோடு. நானும் தலையாட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். என் மனைவி என்ன என்று கேட்டாள். அவளைப் போய்த் திட்டினேன். திட்டிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இன்னுமா எழுதிக் குடுக்கல?" என்றாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரையூர் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே வீடு. வாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் குவிந்து கிடந்தது. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்து ஒரு நொடி நின்றார்.

"உள்ள வாங்க சார்."

சார். அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உட்கார்ந்து, நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தையும் பதிவேட்டிலிருந்து எடுத்த அவருடைய தாளையும் நீட்டினேன். கடிதத்தை நின்றபடியே படித்தார்.

"'நிரப்பும் வால்வு திறக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் சேர்க்கப்பட்டது.' யாரு தெறந்தா?"

"நாந்தாம்மா."

"இதுல அப்படி இல்லையே. திறக்கப்பட்டதுன்னு இருக்கு. தானாத் தெறந்துக்கிச்சா? பேய் வந்து தெறந்துச்சா?" குரல் ஏறியது. "ஏழு மாசம் கழிச்சு வந்தும் உங்க பேர உங்களால எழுத முடியலையா சார்?"

வேறு தாள் கொடுத்தார். 'முதலாளி சொன்னதன் பேரில்' என்று ஆரம்பித்தேன். பார்த்துக்கொண்டே நின்றவர் விரலை வைத்து நிறுத்தினார்.

"அது ரெண்டாவது வரி."

'நான் திறந்தேன்' என்று எழுதினேன். இரண்டே சொல். அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது: சாவி, பொய்க் கணக்கு, ரிப்போர்ட்டில் போட்ட கையெழுத்து. வாங்கி இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்தார்.

"என்னை மன்னிச்சிருமா" என்றேன்.

"இப்ப சரியா எழுதியிருக்கீங்க. அதுக்காகக் கோவம் போயிருமா? எனக்கு வரவேண்டிய எடத்துல வேற ஆள் உக்காந்தாச்சு. எங்கம்மா ரெண்டு கண்ணும் தெளிஞ்சு பாத்த மொதக் காச்சி, நான் வேலையில்லாம வீட்டுல கெடக்குறதுதான். பன்னண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு. கெளம்புங்க."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரி.

கடிதம் போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பெனி எங்கள் ஆர்டரை ரத்து செய்தது. அன்று மாலையே என் வேலையும் போனது. இப்போது நான் ஒரு கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அவரை அந்தக் கம்பெனி பல மாதம் கழித்துக் கூப்பிட்டது. முதலில் ஒதுக்கிய வேலையைவிடச் சின்ன வேலை. போனார். இரண்டாவது தொட்டியை வேறு இடத்தில் செய்தார்கள், தாள் சுற்றும்போது கடைசி வரைக்கும் அவர் பக்கத்தில் நின்றாராம், அது தாங்கிவிட்டதாம். இதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. எனக்கு அவர் போன் செய்ததில்லை. நானும் செய்யவில்லை.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக்சிஜன் தொட்டி செய்கிறார், புதுக் கார் வாங்கியிருக்கிறார்.

போன மாதம் காளவாசல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் முதலாளி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் யாரோ அந்த விண்வெளி ஆர்டரைப் பற்றிக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார். "எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஒரு பொண்ணு இருந்துச்சு, லேசா கோவக்கார டைப்பு. அதால போச்சு." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தலையாட்டுவேன் என்று நினைத்திருப்பார்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அந்தப் பிள்ளையால ஒண்ணும் போகல. ஊத்தச் சொன்னது நீங்க. ஊத்துனது நான். பழி மட்டும் அந்தப் பிள்ளை மேல. இன்னொரு தடவ அந்தப் பிள்ளையப் பத்தி எங்கயாவது பேசுனீங்கன்னு கேள்விப்பட்டேன், உங்க கேட்டு வாசல்ல வந்து நின்னு மைக் போட்டுச் சொல்லுவேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். பந்தி முழுக்க என்னைத்தான் பார்த்தது. மணமேடையிலிருந்து நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி, "கல்யாண வீடுப்பா, உக்காரு, உக்காரு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பாதிச் சாப்பாட்டில் வெளியே வந்து வண்டியை எடுத்தேன். என் மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். பைபாஸ் சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"நாலு பேரு கூடுற எடத்துல அப்படியா சத்தம் போடுறது?"

"அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றேன்.